நீலம் புகாத இடம்

வால் நரம்பில் ஏற்றிய சாயம்
சில நிமிடத்தில் காதுக்கு வந்துவிடும்.
பேந்து மூக்கு, பாதம், கண்ணோரம்.
மைக்கூட்டுக்குள் விழுந்து எழும்பினதுபோல
வெள்ளை எலி நீலமாய் நின்று
மீசையைத் துடைத்துக்கொள்ளும்.

ஈரல் நீலம். சிறுநீரகம் நீலம்.
மண்டையோட்டைத் திறந்தால் மட்டும்
அவித்த முட்டையின் வெள்ளைபோல
மூளை வெளுப்பாய் இருக்கவேண்டும்.
மயிரிலும் மெல்லிய குழாய்ச் சுவரில்
கலங்கள் தோளோடு தோள் இறுகி நின்று
இரத்தம் கொண்டுவருவதையெல்லாம்
உள்ளே விடுவதில்லை.

குருதி மூளைத் தடுப்பு
என்று அறிக்கையில் எழுதுகிறேன்.
தடுப்பு என்று எழுதும்போதெல்லாம்
இடது கை தானாகக் கைப்பைக்குள் போய்
அடையாள அட்டையைத் தொடும்.
கொழும்புக் கை. இத்தனை வருடமாகியும்.

கின்சி வீதிப் பக்கம், மூன்றாம் மாடி.
பன்னிரண்டு எலிக்கு நுண்ணலை.
பன்னிரண்டுக்கு அதே பெட்டி,
அதே விசிறிச் சத்தம், அதே இரண்டு மணித்தியாலம்;
பொத்தானை மட்டும் அழுத்துவதில்லை.
எது எதுவென்று எனக்குத் தெரியக்கூடாது.
எண்களைக் கடித உறையில் ஒட்டி
அலுமாரியில் பூட்டிவிட்டாள் தில்ருக்ஷி.
திறப்பு அவள் கழுத்துச் சங்கிலியில்.

வெள்ளவத்தையில்
எங்கள் எட்டாம் மாடிக்கு மேலே
கோபுரம் வைக்கக் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது.
வாடகைக் காசில் லிஃப்ட் திருத்தலாம் என்று பாதிப்பேர்.
மூளை ஓட்டையாகும் என்று மீதிப்பேர்.
ஐந்தாம் மாடிப் படியில் மூச்சு வாங்கியபடி
பவளகேசரி மறித்தார்:
"நீங்கள்தானே எலியை வெட்டிப் பாக்கிறது?
சனிக்கிழமை கூட்டத்தில்
ஒரு வசனம் சொல்லுங்கோ, போதும்."

நுணுக்குக்காட்டியின் கீழ்
அந்த நீலமே சிவப்பாய் ஒளிரும்.
பதினேழாம் எலி. கீழ்ப்புற ஓரத்தில் எள்ளளவு.
பேந்து ஐந்தாம் எலி.
பேந்து இருபத்திரண்டு, கொஞ்சம் பெரிது.
ஒவ்வொன்றுக்கும் கொப்பியில் புள்ளி வைத்தேன்.
சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லவேண்டும்.
ஒரு பிராணியின் தலைக்குள் கசிவைக் கண்டு
தேத்தண்ணீர் போட எழும்பினவள் நான்.

உறையைத் திறந்தோம்.
பதினேழு, அலை.
ஐந்து, அலை.
இருபத்திரண்டு, பொத்தான் அழுத்தாத பெட்டி.

தில்ருக்ஷி ஒன்றும் பேசவில்லை.
வெப்பநிலைப் பதிவை எடுத்துப்
பின்பக்கமாய்ப் புரட்டினாள்.
சித்திரை வருடப்பிறப்புக்கு மூன்று நாள் முந்தி
கரண்ட் போயிருக்கிறது.
ஜெனரேட்டர்காரன் சாமான் வாங்கக் கோட்டைக்குப் போயிருக்கிறான்.
கூட்டறையில் முப்பத்தெட்டுப் பாகை.
மூன்று எலியும் யன்னலோரத் தட்டில்.
சூடும் அந்தச் சுவரைத் திறக்கும்.
அலையா, சித்திரையா?
எலியிடம் கேட்க முடியாது;
அதைத்தான் ஏற்கெனவே வெட்டிவிட்டோமே.

கூட்டம் மொட்டைமாடியில்,
கோபுரம் வரப்போகும் இடத்தில்.
எல்லார் மடியிலும் போன்.
கீழே கரையோர ரயில் கடந்து முடியுமட்டும் காத்திருந்து
எழும்பிச் சொன்னேன்:
தெரியாது.
இருபத்துநான்கு எலி காணாது.
அறை சூடாகிவிட்டது. திரும்பச் செய்யவேண்டும்.
"தெரியாது என்று சொல்லவா
இவ்வளவு படிப்பு?" என்றார் பவளகேசரி.
பகிடியாகத்தான். நான் சிரிக்கவில்லை.

இரவு எட்டு மணிக்குக் கூட்டக் குறிப்பு வந்தது:
ஆபத்தில்லை என்று ஆய்வுகூடப் பெண்மணி தெரிவித்தார்.
எட்டரைக்கு, மஸாஹிமாவின் தங்கை
மலேசியாவிலிருந்து அனுப்பினாள்:
கொழும்பில் நிரூபணம்! எலி மூளையில் ஓட்டை!
இரண்டுக்கும் கீழே
கும்பிடும் கைகள், வரிசையாக.

படுக்கமுன் போனைத்
தலையணையடியிலிருந்து எடுத்துக்
குசினி மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.
இதை முடிவு என்று யாரும் எழுதவேண்டாம்.

விடிய அலாரம் அடித்தது
எனக்குக் கேட்கவில்லை.
பிந்தித்தான் போனேன்.
புதிதாய் வந்த இருபத்துநான்கும்
பசியில் கம்பியைக் கடித்துக்கொண்டு நின்றன,
வெள்ளையாய்.